ஒரு கிலோ கொழுந்து எங்கே போனது?

[காட்சி: இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கொழுந்து மடுவம், அதாவது கொழுந்தை நிறுக்கும் கொட்டகை. தராசில் ஒரு சாக்கு.]

குரல்: தராசு 18.5 கிலோ காட்டுகிறது. அந்த எண் வலையமைப்பு வழியே தொழிற்சாலைக் கணினிக்குப் போகிறது. அங்கே பதிவாவதோ 17.48. வழியில் ஓர் இலைகூடச் சிந்தவில்லை. தோட்டம் நம் கற்பனை, பிழை கற்பனையல்ல.

[திரையில்: 18500]

தராசுக்குக் கணக்கு கிராமில். கணினி எண்களை வைக்கும் சிறு பெட்டிதான் பைட்; ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். ஆகவே இரண்டு பைட் வேண்டும். 18,500ஐ 256ஆல் வகுத்தால் ஈவு 72, மீதி 68. அனுப்ப வேண்டியவை இவ்விரண்டும்தான்.

எது முதலில்? இணைய நெறிமுறைகளின் வழக்கம், பெரிய பங்கு, அதாவது ஈவு, முன்னே. இன்டெல் வகைச் செயலிகளோ சிறியதை முன்னே வைப்பவை. தராசு 72, 68 என்று ஒழுங்காக அனுப்பியது. பெற்ற நிரல் தன் செயலியின் பழக்கப்படி வாசித்தது: 68 பெருக்கல் 256, கூட்டல் 72.

[திரையில்: 17480]

எது முன்னே என்ற இந்தச் சண்டைக்கு 1980இல் கணினி அறிஞர் டேனி கோஹன் பெயர் வைத்தார். முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று கலிவர் கதையில் போரிடுகிறார்களே, அவர்களின் பெயர்: பெரியது முன்னே என்றால் பிக் எண்டியன், சிறியது முன்னே என்றால் லிட்டில் எண்டியன்.

பெயர் வேடிக்கை, விளைவு அப்படியல்ல. 60 கிலோ என்று வந்திருந்தால் கணக்கர் துள்ளி எழுந்திருப்பார். 17.48ஐ யார் சந்தேகிப்பார்? 18 கிலோ பறித்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், என்று வைத்திருக்கும் தோட்டமானால், அன்று கொழுந்து பறித்த அக்காவுக்கு அரைப் பேர்தான்.

இதற்கு மருந்து உண்டு. பைதான் நிரல்மொழியில் எண்களைப் பைட்டுகளாக மாற்றும் ஸ்ட்ரக்ட் தொகுதியில், வடிவத்தைச் சொல்லும் குறியின் தலையில் > போட்டால் பெரியது முன்னே, < போட்டால் சிறியது முன்னே. ஒன்றும் போடாவிட்டால் கணினியின் பழக்கம். நாம் விழுந்த குழி அதுதான்.

[திரையில்: ஹட்டன்]

எடைக்கு முன்னால் ஊர்ப்பெயரையும் அனுப்புவோம். இணையத்தில் பைட்டுகளைக் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டி.சி.பி. ஓர் ஓடை, பெயர் எங்கே முடிகிறதென்று அது சொல்லாது. அதனால் நீளத்தை முன்னே எழுதுகிறோம். நான்கு எழுத்துத்தானே என்று 4 போட்டீர்களா? எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் மெய்யின் புள்ளிக்கும் தனிக் குறி உண்டு. ஆறு குறி, குறிக்கு மூன்று பைட், மொத்தம் 18.

பெறுபவர் 4 பைட்டோடு நிறுத்துவார்: முழு 'ஹ', 'ட'வில் மூன்றில் ஒரு துண்டு. அந்த 'ட'வின் மிச்சமான 174, 159 இரண்டும், பெரியதை முன்னே வைத்து ஒழுங்காக வாசித்தாலும், சாக்கின் எடையாகிவிடும்.

[திரையில்: 44.703 கிலோ]

இதையாவது கணக்கர் பிடித்துவிடுவார்.