அவளுக்கு யாரும் தலைப்பு கொடுக்கவில்லை

நடுவர் ஐயா அவர்களே, இரண்டு அணியிலும் அமர்ந்திருக்கும் பேச்சாளர்களே, தைப்பனியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் பாய் விரித்திருக்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

"பிளஸ் டூ மாணவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்துத் தங்கள் கையால் செய்யும் செயல்திட்டம் அவர்களை வளர்க்கிறதா, தேர்வுப் படிப்பைக் கெடுக்கிறதா?" இதுதான் இன்றைய தலைப்பு. வளர்க்கிறது என்று பேச வந்திருக்கிறேன். தருமபுரி மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 19 வருடமாக உயிரியல் நடத்துகிறேன். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் மூன்று கேள்விகளை வைத்துவிட்டு உட்கார்ந்தார். மார்ச் மாதம் பொதுத்தேர்வு, ஜனவரியில் பிள்ளை எதையோ ஆராய்ந்துகொண்டு திரிந்தால் கட்-ஆஃப் என்ன ஆகும் என்றார். கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை புராஜெக்ட் செலவுக்கு எங்கே போகும் என்றார். கடைசியில், எல்லாம் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து வாங்கி வருவதுதானே என்றும் கேட்டார். மூன்றும் நியாயமான கேள்விகள். பெற்றவர்களும் என்னிடம் இதையேதான் கேட்கிறார்கள். பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும்.

சில வருடங்களுக்கு முன்னால், பிளஸ் ஒன் வகுப்பு முடிகிற கடைசி வாரத்தில் பிள்ளைகளிடம் சொன்னேன்: "லீவில் ஆளுக்கு ஒரு வேலை செய்யுங்கள். தலைப்பு நான் தரமாட்டேன். உங்கள் வீட்டிலோ ஊரிலோ உங்களுக்குப் புரியாத ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு போட்டு, தேதி போட்டு, பார்த்ததை எழுதுங்கள்." வகுப்பில் சத்தமே இல்லை. இரண்டு நாள் என் பின்னாலேயே வந்தார்கள். "மிஸ், நீங்களே ஒரு தலைப்பு சொல்லுங்க மிஸ்." எனக்கு மனசு கனத்துப் போனது. பதினோரு வருடம் பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகள். அத்தனை வருடமும் கேள்வி கேட்டது நாங்கள், விடை எழுதியது அவர்கள். உனக்கு என்ன தெரிந்துகொள்ள ஆசை என்று ஒருநாளும் நாங்கள் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் பென்னாகரம் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். வகுப்பில் வாயே திறக்காதவள். "மிஸ், எங்கப்பா சித்திரையில புழு எடுத்தா மட்டும் கூடு கம்மியா வருது. ஏன்னு பார்க்கலாமா?" என்றாள்.

அவள் வீட்டில் ஒன்றரை ஏக்கர் மல்பெரி. பட்டுப்புழு வளர்ப்பு இங்கே பலருக்கும் தெரிந்த தொழில். கூடு விற்கத் தருமபுரி ஏல அங்காடிக்குப் போகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். முட்டை பொரிந்து கூடு கட்டும்வரை ஏறக்குறைய 25 நாள். நான்கு முறை தோல் உரிக்கும், ஐந்து பருவம். மொத்தமாகத் தின்கிற இலையில் பெரும்பங்கு அந்த ஐந்தாம் பருவத்தில், ஏழெட்டு நாளில் தின்றுவிடும். அந்த நேரத்தில் புழு மனைக்குள் 24, 25 டிகிரி இருந்தால் நல்லது, காற்றில் ஈரமும் அளவோடு இருக்கவேண்டும். சித்திரை மாதம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டாம்.

முந்நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கினாள். செலவு அவ்வளவுதான். காலை 6 மணி, மதியம் 2 மணி, இரவு 10 மணி. கீழ் அடுக்கு, நடு அடுக்கு, மேல் அடுக்கு. ஒரு நாளைக்கு ஒன்பது அளவு. ஒருநாள்கூட விடவில்லை. நாலே நாளில் ஒன்று தெரிந்தது: மதியம் 2 மணிக்கு மேல் அடுக்கு, கீழ் அடுக்கைவிட மூன்று, மூன்றரை டிகிரி அதிகம். ஒரே மனை, ஒரே இலை, மேலே இருக்கிற புழு மட்டும் வேறு ஊரில் இருப்பதுபோல் இருந்திருக்கிறது. இன்னொன்றும் பிடிபட்டது. சூடு தணியட்டும் என்று அப்பா ராத்திரியும் கோணிச் சாக்கை நனைத்துத் தொங்கவிடுவார். வெயில் இறங்கியபிறகு அந்த ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நின்றுவிடுகிறது. பெரிய புழுவுக்கு அந்தப் புழுக்கம் ஆகாது.

அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். "பத்து வருசமா புழு வளர்க்கிறேன், நீ எனக்குச் சொல்றியா?" என்று கேட்டிருக்கிறார். இவள் எதிர்த்துப் பேசவில்லை. நோட்டைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்திருக்கிறாள். அவர் அடுக்கு வாரியாக, வேளை வாரியாகப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோனாராம். மறுநாள் காலையில் கூரைமேல் தென்னங்கீற்று ஏறியிருந்தது. ராத்திரியில் புழுக்கம் போக ஜன்னலும் திறந்தது.

இதோடு நிறுத்தினால் கைதட்டல் வாங்கிவிடலாம். ஆனால் கதை அப்படி முடியவில்லை. கூடு கட்டச் சில நாளே இருக்கும்போது பால்புழு நோய் வந்துவிட்டது. உடம்பு ஊதி, தோல் கிழிந்து, வெள்ளையாக நீர் கசிந்து, தட்டு ஓரத்திலேயே ஊர்ந்து சாகும். தினம் எத்தனை புழுவைப் பொறுக்கி எடுத்தாள் என்று அதையும் எண்ணி எழுதியிருக்கிறாள். அந்த முறையும் கூடு கம்மிதான். பள்ளி திறந்த அன்று அழுதுகொண்டே நோட்டை நீட்டினாள். "தப்பாப் போச்சு மிஸ்."

நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அதில் எழுதியிருந்தது இது: "நான் சூட்டை மட்டும் பார்த்தேன். போன தடவை புழு முடிந்ததும் மனையைப் பிளீச்சிங் தூள் கரைத்துக் கழுவவில்லை. தட்டையும் கழுவவில்லை. அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்."

நடுவர் ஐயா, பால்புழு நோய் ஒரு வைரஸால் வருவது. வைரஸ் பாடத்தை நான் எத்தனை வருடமாக நடத்துகிறேன்! முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர். எங்கே சறுக்கினேன் என்று தன் கையெழுத்தில் எழுதிக்கொடுத்த பிள்ளையை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். தேர்வுத்தாளில் தப்பு என்றால் சிவப்பு மையில் ஒரு கோடு, அதோடு போயிற்று. இவளுடைய தப்பு அவளுக்கு அடுத்த கேள்வியைக் கொடுத்திருக்கிறது.

இப்போது சொல்லுங்கள், இந்த நோட்டை எந்தப் பிரவுசிங் சென்டர் செய்துதரும்? காசுக்குப் புராஜெக்ட் செய்துதருகிற கடைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. அவை ஏன் பிழைக்கின்றன? நாற்பது பிள்ளைக்கும் நாங்கள் ஒரே தலைப்பைக் கொடுக்கிறோம், கடைக்காரர் நாற்பது பிரதி எடுக்கிறார். தலைப்பு பிள்ளையின் வீட்டிலிருந்து வந்தால் அவர் எதை எடுப்பார்? அதனால்தான் "தாங்களே தேர்ந்தெடுத்து" என்ற சொல்லை எங்கள் அணி இவ்வளவு அழுத்திச் சொல்கிறது. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் எதிரணி சொல்வது சரிதான். செயல்திட்டம் வெறும் தெர்மாகோல் வேலையாகிவிடும்.

சரி, மதிப்பெண்ணுக்கு வருகிறேன். மதிப்பெண் வேண்டாம் என்று இந்த மேடையில் யாரும் சொல்லவில்லை. என் வீட்டில் முதன்முதலில் கல்லூரி வாசல் மிதித்தவள் நான். மதிப்பெண்தான் என்னை ஏற்றிவிட்டது. ஆனால் மதிப்பெண் ஒன்றையே பார்த்து ஓடினால் என்ன ஆகும் என்பதையும் நம் மாநிலம் பார்த்துவிட்டது. பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டினார்கள். அதைத் தடுக்கத்தானே 2017-18ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள்? மாநில ரேங்க் அறிவிப்பையும் 2017லேயே நிறுத்தினார்கள்.

செய்முறைத் தேர்வு இருக்கிறதே என்பீர்கள். அறிவியல் பாடத்தில் எழுத்துக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. செய்முறை வேண்டும்தான், கை பழகும். ஆனால் அங்கே என்ன செய்யவேண்டும், என்ன வரவேண்டும் என்று இரண்டும் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. கலைப்பிரிவுப் பிள்ளைகளின் வரலாற்றுக்கு அந்த 20ம் கிடையாது, எழுத்துக்கே 90.

அந்தக் கலைப்பிரிவிலிருந்து ஒரு பையனைச் சொல்கிறேன். அவன் ஊர் எல்லையில் வேடியப்பன் சாமி இருக்கிறது. வருடா வருடம் பொங்கல் வைக்கிறார்கள். அந்தச் சாமி ஒரு நடுகல். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ ஊரில் நடுகல்லைத்தான் வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். கையில் வில்லும் வாளும் வைத்திருக்கிற இவர் யார் என்று அவனுக்கு ஒரு கேள்வி. சைக்கிளில் சுற்றி ஐந்து ஊர்க் கல்லைப் போனில் படம் எடுத்தான். தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களோடு வைத்துப் பார்த்தான். மாடு பிடித்துப்போன கூட்டத்தை எதிர்த்து நின்று செத்த வீரனுக்குக் கல் நட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், ஊர்ப் பாட்டிகளிடம் போய்க் கதை கேட்டு எழுதிக்கொண்டு வந்தான். செலவு, சைக்கிளுக்குக் காற்றடித்த காசு.

ஏழைப் பிள்ளைக்குச் செலவு என்கிறீர்களே, அண்ணா, அந்தப் பிள்ளையின் வீடே ஒரு ஆய்வுக்கூடம் என்கிறேன் நான். பாலக்கோடு பக்கத்துப் பையன், அம்மா தக்காளி பறிக்கக் கூலிக்குப் போகிறவர். விலை விழுந்து பறிகூலிகூடக் கட்டாமல் தக்காளியைச் சாலையோரம் கொட்டுவதை வருடா வருடம் பார்த்து வளர்ந்தவன். கொட்டிக் கிடந்ததில் 5 கிலோ பொறுக்கி, வட்டமாக நறுக்கி, உப்புத் தடவி, பாதியைப் பழைய சேலையிலும் பாதியைத் தகரத்திலும் காயவைத்தான். தக்காளியில் நூற்றுக்கு 94 பங்குக்குமேல் தண்ணீர். 5 கிலோ காய்ந்து 300 கிராமுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மூட்டம் போட்ட ஒரு நாளில் தகரத்தில் இருந்தது பூஞ்சை பிடித்தது. சேலையில் இருந்தது தப்பித்தது. ஏன் என்று அவனே ஒரு பக்கம் எழுதியிருக்கிறான்: அடியிலும் காற்று போகிறது.

இது நானாகக் கண்டுபிடித்த வழி இல்லை. இங்கிலாந்தில் மேல்நிலைப் பிள்ளைகள் தாங்களே தலைப்பு எடுத்துச் செய்யும் திட்டத்துக்கு, நம் பிளஸ் டூ மாதிரி அங்கே இருக்கிற ஏ-லெவலில் ஒரு பாடத்தின் பாதி மதிப்பைக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் பல பள்ளிகளில் கடைசி வருடப் பிள்ளைகள் இப்படி ஒரு வேலையைச் செய்து, வெளியாட்கள் முன்னால் நின்று விளக்கவேண்டும். அவ்வளவு தூரம் போவானேன்? 1937லேயே வார்தாவில் காந்தி கைத்தொழிலை நடுவில் வைத்த கல்வியைப் பேசினார். 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, பிள்ளைகளை உள்ளூர்ப் பிரச்சினையைத்தான் ஆராயச் சொல்கிறது. பக்கத்துத் திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர், தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் கரியைக் கொட்டுவதைப் பார்த்து, சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார். எல்லாப் பிள்ளையும் கிளாஸ்கோ போகவேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. தெருவில் நின்று அந்தக் கரியை உற்றுப் பார்த்தாரே, அந்தப் பார்வை என் வகுப்பில் இருக்கிற நாற்பது பேருக்கும் வேண்டும்.

அண்ணன் கேட்ட ஜனவரிக் கணக்குக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் ஒரு மணி நேரம்கூட நாங்கள் கேட்கவில்லை. சித்திரை, வைகாசி விடுமுறையும் சில சனிக்கிழமைகளும் போதும். ஆயுத பூஜை விடுமுறைக்குள் வேலை முடிந்துவிடும். அதற்கப்புறம் திருப்புதல் தேர்வுதான், பாடப்புத்தகம்தான். மதிப்பெண் போடுவதில் ஆசிரியர் ஓரவஞ்சனை காட்டிவிட்டால்? அப்படியென்றால் மதிப்பெண்ணே போடவேண்டாம். பிள்ளை பத்து நிமிடம் எழுந்து நின்று பேசட்டும். எதிரே அந்த வேலை தெரிந்த ஊர்க்காரர் இரண்டு பேர் உட்காரட்டும், கேள்வி கேட்கட்டும்.

எங்கள் பள்ளியில் அப்படித்தான் வைத்தோம். அந்தப் புழுக்காரப் பெண் பேசி முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு விவசாயி எழுந்தார். "பாப்பா, ராத்திரியில ஜன்னலைத் தொறந்து வெச்சா ஊசி ஈ வராதா?" என்று கேட்டார். பட்டுப்புழு மேல் முட்டையிட்டுக் கொல்லுகிற ஈ அது. பெரிய கேள்வி. எனக்கே பதில் தெரியாது. அவள் ஒரு நிமிடம் நின்றாள். "வலை அடிச்சுட்டுதாங்க தொறந்தோம். ஆனா ஈ வந்துச்சா இல்லையான்னு நான் எண்ணலைங்க. அடுத்த தடவை எண்ணறேன்" என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிளஸ் டூ படிக்கிற பெண்ணும், முப்பது வருடம் புழு வளர்த்தவரும் ஒரே தொழில்காரர்கள் மாதிரி பேசிக்கொண்டதை அன்றைக்குப் பார்த்தேன்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரே நிமிடம். அந்தப் பெண் இப்போது சேலத்தில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். போன மாதம் பென்னாகரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அவள் வீட்டுக்கும் போனேன். புழு மனைக் கதவுக்குப் பக்கத்தில், காலண்டர் மாட்டுகிற ஆணியில், கயிறு கட்டி ஒரு நோட்டு தொங்கியது. எடுத்துப் பார்த்தேன். புது நோட்டு. எழுத்து அவளுடையது இல்லை. கோணல் மாணலாக, அழுத்தி அழுத்தி, பென்சிலால் எழுதியிருந்தது. காலை 6 மணி, கீழ் அடுக்கு 20, மேல் அடுக்கு 21. கடைசிக் கட்டத்துக்கு மேலே தலைப்பு: "ஈ". அதற்குக் கீழே அன்றைய தேதிக்கு நேராக "2" என்று போட்டிருந்தார் அவள் அப்பா.