நீர் நன்றாகப் போகிறது, பிறகு எதற்கு பிஎஸ்ஏ?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 58 வயது, லுங்கித் தறி ஓட்டுகிறார். வேலூரில் முழு உடல் பரிசோதனை செய்தபோது பிஎஸ்ஏ 5.2 வந்தது. இது புற்றுநோயா? 'எனக்கு நீர் நன்றாகத்தான் போகிறது, திரும்பத் திரும்ப எதற்கு டெஸ்ட்' என்கிறார் அப்பா."

பிஎஸ்ஏ என்பது ஆண்களுக்கு உள்ள புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம்; ரத்தத்தில் அதன் அளவைப் பார்ப்பதுதான் இந்த டெஸ்ட், புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஒரு எச்சரிக்கை. முதலில் அப்பாவுக்கு. இந்தச் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, நீர்க்குழாயைச் சுற்றி இருக்கிறது. வயதானால் வரும் சாதாரண வீக்கம் குழாயை ஒட்டிய உள்பகுதியில் வளரும். அதனால்தான் நீர் சொட்டுச் சொட்டாகப் போவது, ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பது எல்லாம். புற்றுநோயோ பெரும்பாலும் சுரப்பியின் வெளி ஓரத்தில் தொடங்கும். குழாயை நெருக்கும் அளவுக்கு அது வளர வருடக்கணக்கில் ஆகலாம். சிலருக்கு எலும்புக்குப் பரவி இடுப்பு வலி வந்த பிறகுதான் தெரிகிறது. அதையும் தறியில் உட்கார்ந்த வலி என்று நினைத்து தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே நீர் நன்றாகப் போவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

சரி, 5.2 என்றால்? பொதுவாக 4-க்கு மேல் போனால் கவனிப்போம், அவ்வளவுதான். சாதாரண வீக்கம், நீர்த்தாரைத் தொற்று, இரண்டு நாளைக்குள் விந்து வெளியேறியது, இவையும் அளவை ஏற்றும். தொற்று இருந்தால் அதை முதலில் குணப்படுத்தி, சில வாரம் கழித்து, முடிந்தால் அதே லேபில் மறுபடி எடுங்கள். அப்பா சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள். ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாதிரி மாத்திரைகளை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பிஎஸ்ஏ பாதியாகக் குறைந்து தெரியும். 3 என்று பார்த்து நிம்மதியாகிவிடுவோம், உண்மையில் அது 6.

மறுபடியும் அதிகமாக இருந்தால் சிறுநீரியல் மருத்துவர் ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார். நம் ஊர் ஆட்கள் பலர் இதைக் கேட்டதுமே எழுந்து போய்விடுகிறார்கள்! ஒரு நிமிடம்கூட ஆகாது. அப்புறம் எம்ஆர்ஐ ஸ்கேன், தேவைப்பட்டால் பயாப்ஸி, அதாவது ஊசியால் துளி திசு எடுத்துச் சோதிப்பது. பயாப்ஸி பார்த்துத்தான் புற்றுநோய் என்று உறுதி சொல்ல முடியும். அப்படியே வந்தாலும், மெதுவாக வளரும் வகையாக இருந்தால் உடனே ஆபரேஷன் என்றில்லை. பிஎஸ்ஏ, எம்ஆர்ஐ, பயாப்ஸி என்று குறித்த இடைவெளியில் பார்த்துக் கண்காணிப்பிலேயே வைப்பதும் உண்டு.

எல்லோருக்கும் வருடா வருடம் பிஎஸ்ஏ தேவையில்லை. 50 வயதில் டாக்டரிடம் பேசி ஆரம்பிக்கலாம்; அளவு குறைவாக இருந்தால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும். 70 தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் வழக்கமாக எடுக்கச் சொல்வதில்லை. வயதான காலத்தில், தொல்லையே தராத கட்டியைத் தேடிப்பிடித்து வைத்தியம் செய்து, நீர் அடக்க முடியாமல் அவதிப்பட வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அப்பாவுக்கு 58தானே, அவர் பார்த்தே ஆக வேண்டும்.

உங்களுக்கும் ஒன்று, தம்பி. அப்பாவுக்குப் புற்றுநோய் என்று உறுதியானால், நீங்கள் 50 வரை காத்திருக்க வேண்டாம், 45-லேயே ஆரம்பித்துவிடுங்கள். அண்ணன் தம்பி இருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.