கூகுள்ல உங்க வெப்சைட் தெரியணும்னா மழைக்கு முன்னாடியே ஆரம்பிங்க

வணக்கம். சென்னைல சின்னதா ஒரு தொழில் பண்றீங்க, வெப்சைட்டும் போட்டு வெச்சிருக்கீங்க, ஆனா அதுலேர்ந்து ஒரு போன்கூட வரலைன்னா இந்த வீடியோவ முழுசா பாருங்க.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். மாசாமாசம் இவ்ளோ கட்டுங்க, கூகுள்ல ஃபர்ஸ்ட் ப்ளேஸ் கேரண்டின்னு யாராவது மெசேஜ் போட்டா தயவுசெஞ்சு பணம் கட்டாதீங்க. அப்படி யாராலயும் கேரண்டி குடுக்க முடியாதுன்னு கூகுளே அவங்க கைடுல எழுதி வெச்சிருக்காங்க. கூகுளுக்கே காசு கட்டி விளம்பரம் குடுத்தாலும் அந்த விளம்பரம்தான் தெரியும், சாதாரண ரிசல்ட்ல உங்க சைட் அதனால ஒரு இடம்கூட மேல ஏறாது.

அப்போ எதனால ஏறும்? மடிப்பாக்கத்துல ஒருத்தர் மொட்டை மாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் பண்றார்னு வெச்சுக்கோங்க. சைட்டைத் திறந்தா "தரமான சேவை, வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் குறிக்கோள்"னு இருக்கு, அவ்ளோதான். (திரையில்: அந்த முகப்புப் பக்கம்) நவம்பர் மாசம், ராத்திரி, சீலிங்லேர்ந்து தண்ணி சொட்டுது, அந்த வீட்டம்மா போனை எடுத்து என்ன டைப் பண்ணுவாங்க? "மாடி ஒழுகுது என்ன பண்றது", "சீலிங்ல ஈரம்", இல்லன்னா இங்கிலீஷ்ல "டெரஸ் லீக் ரிப்பேர் நியர் மீ". இதுல ஒரு வார்த்தையாவது அவர் சைட்ல இருக்கா? அப்புறம் கூகுள் எதை வெச்சு அவரைக் காட்டும்?

அதனால ஜனங்க தேடற வார்த்தைகளை, அதாவது கீவேர்டுகளை, கண்டுபிடிச்சுக் குடுக்கற டூல் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், உங்களுக்கு வர்ற போன்ல ஜனங்க என்ன கேக்கறாங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. சதுர அடிக்கு எவ்ளோ ஆகும், தட்டோடு போட்ட பழைய மாடிய முழுசா பேத்து எடுக்கணுமா இல்ல மேலயே கோட்டிங் அடிச்சா போதுமா, மழை பெய்யும்போதே வேலை பண்ண முடியுமா, எத்தனை வருஷம் தாங்கும், தண்ணி மாடிலேர்ந்து வருதா மேல் வீட்டு பாத்ரூம் பைப்புலேர்ந்து வருதான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க, இப்படி வந்துகிட்டே இருக்கும். நீங்க போன்ல சொல்ற பதிலையே அப்படியே ஒவ்வொரு பக்கமா எழுதுங்க. விலை சொல்லத் தயங்காதீங்க, இவ்ளோலேர்ந்து இவ்ளோ வரைக்கும் ஆகும், எதனால கூடும் எதனால குறையும்னு சொன்னாலே போதும். வேலைக்கு முன்னாடி ஒரு போட்டோ, முடிச்சதும் ஒண்ணு, எந்த ஏரியா, என்ன பிரச்சனைன்னு ரெண்டு வரி, வீட்டு ஓனர் பேரும் டோர் நம்பரும் மட்டும் வேண்டாம். வருஷக்கணக்கா மாடி மாடியா ஏறி நீங்க கத்துக்கிட்டது வேற யார் சைட்லயும் இருக்காதுங்க, உங்க பலமே அதுதான்.

டைட்டில்ல, அதாவது கூகுள் ரிசல்ட்ல உங்க பக்கத்துக்கு வர்ற தலைப்புல, வெறும் "ஹோம்"னு விட்டுடாதீங்க. "மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங், மடிப்பாக்கம்"னு வேலையும் ஊரும் இருக்கட்டும். அதுக்காக தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம்னு ஊர் பேரை மட்டும் மாத்தி ஒரே பக்கத்தை காப்பி காப்பியா போட்டா அது ஸ்பேம்னு கூகுள் விதியிலயே இருக்கு. காசு குடுத்து மத்தவங்க சைட்லேர்ந்து உங்க சைட்டுக்கு லிங்க் வாங்கறதும் அப்படித்தான், கூகுள் தன்னோட தேடல் முறைய மாத்தி 2012ல பென்குயின் அப்டேட்னு கொண்டு வந்ததே அந்த மாதிரி லிங்க் சேக்கற சைட்டை எல்லாம் கீழ தள்ளத்தான். பக்கத்தோட கோடுல பாக்கறவங்களுக்குத் தெரியாம இருக்கற மெட்டா கீவேர்ட்ஸ்ல வார்த்தையக் கொட்டறது வீண் வேலை, யாரை மேல காட்டறதுன்னு முடிவு பண்ண அதைப் பாக்கறதே இல்லன்னு கூகுள் 2009லயே சொல்லிடுச்சு.

இப்ப ஒரு சின்ன டெஸ்ட். கூகுள்ல 'சைட்'னு இங்கிலீஷ்ல அடிச்சு, கோலன் போட்டு, இடம் விடாம உங்க டொமைன் பேரை, அதாவது வெப்சைட் அட்ரஸை, போடுங்க. (திரையில்: தேடல் பெட்டி) ஒண்ணுமே வரலைன்னா கூகுள் உங்க சைட்டை எடுத்துக்கவே இல்லைன்னு சந்தேகப்படலாம். வேர்ட்பிரஸ்ங்கற சாஃப்ட்வேர்ல கட்டின சைட்னா அதோட செட்டிங்ஸ்ல ரீடிங் போங்க, சர்ச் இன்ஜின் இந்த சைட்டை எடுக்க வேண்டாம்னு ஒரு டிக் இருக்கும், சைட் கட்டும்போது போட்டதை யாரோ எடுக்க மறந்திருப்பாங்க. ரேட் கார்டை படமா போடாம எழுத்தா டைப் பண்ணுங்க. போன்ல எடுத்த போட்டோவ சைஸ் குறைச்சு ஏத்துங்க, ஏன்னா பக்கத்தோட முக்கியமான பெரிய பகுதி 2.5 செகண்டுக்குள்ள தெரியணும்னு கூகுள் அளவு வெச்சிருக்கு.

கூகுள் மேப்ல வர்றதுக்கு உங்க கடை விவரத்தைப் போடற கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் இலவசம்தான். தேடறதுக்கும் உங்க வேலைக்கும் எவ்ளோ பொருத்தம், எவ்ளோ தூரம், எவ்ளோ பேருக்கு உங்களத் தெரியும், இதை வெச்சுதான் காட்டும். போர்டுல இருக்குற பேரையே போடுங்க, கூட கீவேர்டு சேக்காதீங்க. ரிவ்யூ போட்டா தள்ளுபடின்னும் சொல்லக்கூடாது, வேலை முடிஞ்ச கையோட லிங்க் அனுப்பி வாய்விட்டுக் கேளுங்க.

இதெல்லாம் பலன் தர நாலு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் ஆகலாம்னு கூகுளே சொல்லுது. நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல ஆரம்பிக்குது, செப்டம்பர்ல உக்காந்து எழுதினா லேட்டு, மே மாசமே ஏத்திடுங்க, ஏசி சர்வீஸ் பண்றவங்கன்னா நவம்பர்லயே. ஏத்தின அன்னைக்கே, சைட் வெச்சிருக்கறவங்களுக்கு கூகுள் இலவசமா குடுக்கற சர்ச் கன்சோல்ல, உங்க பக்கங்களோட லிஸ்டான சைட்மேப்பைக் குடுங்க. ஒரு மாசம் கழிச்சு அதுல பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைத் திறந்தா எந்தெந்தத் தேடலுக்கு நீங்க தெரிஞ்சீங்க, எத்தனை பேர் கிளிக் பண்ணாங்கன்னு வரும். நெறைய தடவை தெரிஞ்சும் யாரும் கிளிக் பண்ணாத கேள்வி ஒண்ணு கண்டிப்பா மாட்டும், அந்தப் பக்கத்தோட டைட்டிலை மாத்தி, மொத பாராவுலயே பதிலைச் சொல்லிடுங்க.