வாழைப்பழமும் ரீல் பெட்டியும்

நடுவர் அவர்களுக்கும், மேடையில் இருப்பவர்களுக்கும், பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற என் சனங்களுக்கும் வணக்கம். மனதில் நிற்பவை எண்பதுகளின் படங்களா, இன்றைய படங்களா என்பது தலைப்பு. எண்பதுகள்தான்.

1985-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சங்கீத வித்வான் ஒருவரின் தடுமாற்றத்தைச் சொன்ன சிந்து பைரவி, ஊர்ப் பெரியவர் ஒருவரின் மனசைத் திறந்து காட்டிய முதல் மரியாதை, வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த ஆண்பாவம், மூன்றும் அந்த ஒரே வருடத்துப் படங்கள். மூன்றுக்கும் இளையராஜாதான் இசை.

சரி, அதை விடுங்கள். எதிரணித் தம்பி சற்று முன் என்ன சொன்னார்? "ஒரு வாழைப்பழத்துக்காக அடித்துக்கொள்கிற படமெல்லாம் உங்களுக்குக் காவியமா?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் இறங்கப் போவதில்லை.

தம்பி, அது கரகாட்டக்காரன். 1989. கவுண்டமணி ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு பழம் வாங்கி வரச் சொல்கிறார். செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வருகிறார். இன்னொன்று எங்கே என்றால், அதுதான் இது. அவ்வளவுதான் கதை! வெளிநாட்டு லொகேஷன் கிடையாது, இரட்டை அர்த்தம் கிடையாது. செந்தில் முகத்தைப் பாருங்கள், பொய் சொல்கிறவன் முகமா அது? எத்தனை முறை கேட்டாலும் அதே நிதானத்தோடு அதே பதில். எதிரே ஒரு மனுஷன் கொதிக்கக் கொதிக்க, இந்தப் பக்கம் குளிர்ந்துகொண்டே போகிறது. முப்பத்தைந்து வருடம் தாண்டியும் இன்றைக்குப் பழக்கடையில் இரண்டு பழம் கேட்டால், பக்கத்தில் நிற்கிறவர் சிரிக்கிறாரே, அவருக்கு யார் நினைவூட்டினார்கள்?

அந்தக் காட்சியை என் அப்பா பார்த்ததில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் ஒரு டூரிங் டாக்கீஸ், நாலு மைல் தள்ளி இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பிரிண்ட். ஒரு ரீல் ஆயிரம் அடி, பத்துப் பதினோரு நிமிடம் ஓடும். இங்கே ஓடி முடித்ததைத் திருப்பிச் சுற்றித் தகரப் பெட்டியில் அடைத்து, சைக்கிள் கேரியரில் டயர் டியூபால் இறுக்கிக் கட்டி அங்கே கொண்டுபோக வேண்டும். அந்த சைக்கிள் அப்பாவுடையது. பெட்டி வர இரண்டு நிமிடம் தாமதமானால் அங்கே தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்திருக்கிற கூட்டம் விசிலடித்தே கொட்டகையைக் கிழித்துவிடும். அதனால் மழையானாலும் எதிர்க்காற்றானாலும் மிதித்தார், ராத்திரிக்கு இரண்டு ஆட்டமும் மிதித்தார். கரகாட்டக்காரன் எங்கள் ஊருக்கு வந்தபோது கொட்டகையே சிரித்துக் குலுங்குமாம், அந்தச் சிரிப்பு முதுகுக்குப் பின்னால் தேய்ந்துகொண்டே போகுமாம், இவர் இருட்டில் ஓடைப் பாலத்து மேட்டில் ஏறிக்கொண்டிருப்பார். டீக்கடையில் ஆளாளுக்கு நடித்துக் காட்டியதில் வசனம் முழுக்க அவருக்கு மனப்பாடம். எங்களுக்கும் அவர்தான் நடித்துக் காட்டுவார். அவர் பார்த்ததே இல்லை என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

அவருடைய எழுபதாவது வயதில், முழங்கால் போன பிறகு, அந்தப் படத்தின் டிவிடி வாங்கி வந்து போட்டேன். வாழைப்பழக் காட்சி வந்தது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அப்பா சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் முடிந்ததும் மெதுவாகச் சொன்னார். "இந்த நேரத்துலதான்மா நான் பாலத்துல ஏறிக்கிட்டிருப்பேன்."

தம்பி, உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. என் அப்பா சுமந்த பெட்டிக்குள் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்டதாக நினைத்துக்கொண்டுதான் இவ்வளவையும் சொன்னேன்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, இதோ முடிக்கிறேன். "இன்னொரு தடவ போடும்மா" என்றார் அப்பா. போட்டேன். முதல் வசனத்திலேயே ஆரம்பித்தார், அப்படி ஒரு சிரிப்பு, துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரிக்கிறார். காட்சி முடிகிற வரைக்கும் நாற்காலியை விட்டு எழவே இல்லை.