வழியுணவு: ஒரு சொல்லின் பொருளும் வழக்கும்

நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

நோயுற்றோரின் இல்லங்களுக்கு நற்கருணையை, அதாவது திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாக அர்ப்பணிக்கப்பட்ட அப்பத்தை, கொண்டுசெல்லும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். "கடைசி அருளடையாளம் கொடுத்தாயிற்றா?" என்று வீட்டார் தாழ்ந்த குரலில் கேட்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அருளடையாளம் என்பது இறையருளைத் தரும் திருச்சபைச் சடங்கு. அப்படிக் கேட்போர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் நோயுற்றவருக்குப் புனித எண்ணெய் பூசுதல்தான். ஆனால், இவ்வுலகை விட்டுப் புறப்படுகிறவருக்கு உரிய அருளடையாளமாகக் கத்தோலிக்கத் திருச்சபை கொள்வது நற்கருணையையே. அந்த வேளையில் அதற்கு வழங்கும் பெயர் வழியுணவு.

இலத்தீனில் இதனை வியாத்திக்கும் என்பர். 'வியா' என்றால் வழி. பயணம் புறப்படுகிறவர் கையோடு எடுத்துச் செல்லும் உணவையும் பணத்தையும் உரோமையர் இச்சொல்லால் குறித்தனர். கிரேக்கத்தில் இதே பொருளில் எபோதியோன் என்ற சொல் உண்டு. பழந்தமிழில் 'ஆற்றுணா' என்று ஒரு சொல் இருக்கிறது. ஆறு என்பது வழி, உணா என்பது உணவு. பொருள் அணுவளவும் பிசகாமல் பொருந்தும் அந்த அழகிய சொல் நம் வழிபாட்டு வழக்கில் இடம்பெறாமல் போனதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு.

கி.பி. 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா பொதுச்சங்கம் தன் பதின்மூன்றாம் விதியில், சாகும் தறுவாயில் இருப்பவர் எவருக்கும் இன்றியமையாத இறுதி வழியுணவை மறுக்கக் கூடாது என்று ஆணையிட்டது. அதைப் புதிய சட்டமாக அன்றி, பண்டைய சட்டம் என்று சொல்லியே ஆணையிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

அந்தப் பழைமைக்குச் சான்றாக, மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயராக இருந்த தியோனீசியுஸ் எழுதிய கடிதம் ஒன்றை வரலாற்றாசிரியர் யுசேபியுஸ் பாதுகாத்துத் தந்திருக்கிறார். செராப்பியோன் என்ற முதியவர், நெடுங்காலம் பழுதின்றி வாழ்ந்தும், கிறிஸ்தவர்கள் கொடுமைப்படுத்தப்பட்ட காலத்தில் நம்பிக்கையில் தவறிவிட்டார். மன்னிப்புக்காக அவர் பலமுறை மன்றாடியும் எவரும் செவிசாய்க்கவில்லை. பின்னர் நோயில் விழுந்து, மூன்று நாள் பேச்சும் நினைவும் இன்றிக் கிடந்தவர், நான்காம் நாள் சற்றே தெளிந்து, தம் பேரனைக் குருவிடம் அனுப்பினார். அப்போது இரவு, குருவும் நோயுற்றிருந்ததால் வர இயலவில்லை. அவர் நற்கருணையில் சிறு துண்டைச் சிறுவனிடம் கொடுத்து, நனைத்து முதியவரின் வாயில் இடுமாறு சொல்லி அனுப்பினார். சிறுவன் வீட்டினுள் நுழையும் முன்பே செராப்பியோன் கண்விழித்து, குருவால் வர முடியவில்லை என்றாலும், அவர் சொன்னதை விரைந்து செய்து என்னைப் போகவிடு என்றாராம். நனைத்த அப்பத்தைச் சிறிது விழுங்கியதும் அவர் உயிர் பிரிந்தது. வழியுணவு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கண்டதில்லை.

பிற்காலத்தில் மேலைத் திருச்சபையில் பூசுதல் சாவின் விளிம்புவரை தள்ளிப்போடப்பட்டு, 'இறுதிப் பூசுதல்' என்று பெயரும் பெற்றது. நம் முன்னோர் அதை 'அவஸ்தைப் பூசுதல்' என்றனர். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, இதனை நோயில்பூசுதல் என்று அழைப்பதே பொருத்தம் என்றும், இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியது அன்று என்றும் தெளிவாக்கியது. பாவமன்னிப்பு, அதன்பின் பூசுதல், நிறைவாக வழியுணவு என்பதே அச்சங்கம் சுட்டிய வரிசை.

சடங்கில் ஒரு பகுதி என்னை எப்போதும் நெகிழச் செய்யும். வழியுணவு பெறுமுன், நோயாளர் தம் திருமுழுக்கின் நம்பிக்கை அறிக்கையைப் புதுப்பிக்கிறார். குழந்தையாய் இருந்தபோது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் தமக்காகச் சொன்ன "நம்புகிறேன்" என்பதை, எண்பது வயதில், மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டு, அவரே சொல்கிறார். படுக்கையருகே வெள்ளைத் துணி விரித்த சிறு மேசையில் சிலுவையும் எரியும் மெழுகுதிரியும் ஒரு குவளைத் தண்ணீரும் இருக்கும். அப்பத்தைக் கொடுத்தபின், ஆண்டவர் இயேசு கிறிஸ்து உம்மைக் காத்து நிலைவாழ்வுக்கு அழைத்துச் செல்வாராக என்ற பொருள்பட வேண்டுதல் சேர்க்கப்படும். வழக்கமான நற்கருணையில் இவ்வேண்டுதல் இல்லை.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, சாவின் ஆபத்தில் இருப்பவர் அதே நாளில் ஏற்கெனவே நற்கருணை உட்கொண்டிருந்தாலும் மீண்டும் பெறுமாறு பரிந்துரைக்கிறது. காலம் தாழ்த்தலாகாது என்றும், நோயாளர் முழு நினைவோடு இருக்கும்போதே பெற ஆவன செய்யவேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது. ஆயினும், குருவை அழைத்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று வீட்டார் தயங்கித் தயங்கி நாளைக் கடத்துகிறார்கள். அப்படி ஒரு வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, அந்த அம்மாவுக்கு விழுங்கும் ஆற்றலும் நினைவும் போயிருந்தன. கொண்டுசென்ற அப்பத்தைச் சிமிழோடு திரும்பக் கொண்டுவந்தேன். முந்தைய வாரம் முழுவதும் அவர் நற்கருணை கேட்டுக்கொண்டிருந்ததாக மகள் சொன்னார்.

எனவே, நேயர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர் கேட்கும் அன்றே சொல்லி அனுப்புங்கள். பூசுதலைக் குரு மட்டுமே வழங்க முடியும். வழியுணவையோ, தேவை நேர்ந்தால், நற்கருணைப் பணியாளரும் கொண்டுவரலாம். அப்பத்தை விழுங்க இயலாதவருக்குத் திருஇரத்தத்தை, அதாவது அர்ப்பணிக்கப்பட்ட திராட்சை இரசத்தை, மட்டும் துளியாகக் கொடுக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.