மார்பகம் எடுக்கிற ஆபரேஷனுக்கு வீட்டுல என்னென்ன தயார் பண்ணணும்? தாராவியிலேர்ந்து வந்த கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி தாராவியிலேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அம்மாவுக்கு 54 வயசு. இடது மார்புல புற்றுநோய், கீமோ முடிஞ்சிருச்சு, அடுத்த மாசம் மார்பை முழுசா எடுக்கப் போறாங்க. கூடவே புது மார்பு அமைக்கிற ரீகன்ஸ்ட்ரக்ஷனும் பண்ணலாம், யோசிச்சுச் சொல்லுங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். சொந்தக்காரங்க "இந்த வயசுல அது எதுக்கு"ங்கிறாங்களாம். நாங்க எப்படித் தயாராகணும்னு கேக்குறாங்க.

தங்கச்சி, அந்த "எதுக்கு"ங்கிற பேச்சை முதல்ல நிறுத்துங்க. அது அம்மாவோட உடம்பு, அவங்கதான் சொல்லணும். டாக்டர் ரூம்ல பையனும் மாமாவும் பேசிட்டு இருப்பாங்க, அந்தம்மா ஓரமா தலையைக் குனிஞ்சு உக்காந்திருப்பாங்க. இதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். வேணும்னு சொன்னாலும் சரி, வேண்டாம்னு சொன்னாலும் சரி, அம்மா வாயால வரட்டும். இப்ப வேண்டாம்னு விட்டாலும் கதவு மூடிடாது, சில வருஷம் கழிச்சுக்கூடப் பண்ணிக்கலாம். பிராவுக்குள்ள வெச்சுக்கிற செயற்கை மார்பும் இருக்கு.

ஆனா டாக்டர்கிட்ட ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்க: "ஆபரேஷனுக்கு அப்புறம் ரேடியேஷன் உண்டா?" ஏன்னா சிலிக்கான் இம்ப்ளான்ட் வெச்ச இடத்துல ரேடியேஷன் விழுந்தா, அதைச் சுத்தி உடம்பு கட்டுற சவ்வு இறுகி, மார்பு கல்லு மாதிரி ஆகி வலிக்கிற வாய்ப்பு கூடும். அதனால அந்த மாதிரி ஆளுங்களுக்குப் பல டாக்டருங்க, ரேடியேஷன் முடியட்டும், அப்புறம் அடிவயித்துலேர்ந்து தோலும் கொழுப்பும் எடுத்தோ, முதுகுத் தசையை எடுத்தோ செய்யலாம்னு சொல்லுவாங்க. வயித்துலேர்ந்து எடுக்கிறது பெரிய ஆபரேஷன். பல மணி நேரம் ஆகும், வயித்துலயும் நீளமா தையல் இருக்கும்.

அடுத்து புகையிலை. பீடி சிகரெட்டை மட்டும் சொல்லல. வெத்தலையோட போடுறது, பல்லுல தேய்க்கிற புகையிலைப் பொடியான மிஸ்ரி, எல்லாமே. இங்க நம்ம பொம்பளைங்க நிறைய பேர் மிஸ்ரியைப் பல்பொடின்னு நினைச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட சொல்லவே மாட்டாங்க. நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கிடும். புதுசா வெச்ச தோலுக்கு ரத்தம் போகலன்னா கறுத்துப் போயிரும். குறைஞ்சது நாலு வாரம் முன்னாடியே நிறுத்தணும். அம்மாகிட்ட திட்டாம, தனியா, அன்பா கேளுங்க.

மாத்திரை, சித்த மருந்து, மீன் எண்ணெய் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு மயக்க மருந்து டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க சாப்பிடுற மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, நிறுத்தாம விடவும் செய்யாதீங்க, கேளுங்க. சுகருக்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் சாப்பிட்டா அதைப் பொதுவா மூணு நாள் முன்னாடி நிறுத்தச் சொல்லுவாங்க. ஆபரேஷன் அன்னைக்குக் காலையில பால் டீ கூடாது. பால் சேர்ந்துட்டா அது சாப்பாட்டுக் கணக்கு, ஆறு மணி நேரம் ஆகணும்.

இப்ப வீட்டு விஷயம், நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறது இதுதான். விடியக்காலையில குழாய்ல தண்ணி வர்றப்ப யார் புடிப்பாங்க? இன்னைக்கு வரைக்கும் அம்மாதானே? ஆறு வாரத்துக்கு அவங்க குடம் தூக்கக் கூடாது. இப்பவே முடிவு பண்ணுங்க, அண்ணனா, நீங்களா, பக்கத்து வீட்டு அக்காவா. வீட்டுக்கு வந்தப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா, அம்மா தானே எழுந்து போயிடுவாங்க, நமக்குத் தெரியும். பொதுக் கழிப்பறைன்னா, வயித்துத் தையலோட குத்த வெச்சு உக்கார முடியாது. கமோட் நாற்காலி ஒண்ணு வாடகைக்குப் பேசி வையுங்க. மேல் தட்டுல இருக்கிற மசாலா டப்பா, பாத்திரமெல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறக்கிடுங்க. ஏணிப்படி ஏறிப் படுக்கிற வீடுன்னா கொஞ்ச நாளைக்குக் கீழேயே படுக்கை போடுங்க.

முன்பக்கம் பட்டன் வெச்ச நைட்டி நாலு வேணும். உள்ள சேர்ற நீரை வடிக்க உடம்புலேர்ந்து ஒண்ணு ரெண்டு டிரெயின் டியூப் வெளிய வந்திருக்கும், அதோட முனையில இருக்கிற பாட்டிலை நைட்டியோட உள்பக்கம் பின் குத்தி வெச்சுக்கலாம். அதுல எவ்வளவு சேருதுன்னு தினமும் நோட்டுல எழுதுங்க. ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழ இறங்குச்சுன்னா பொதுவா எடுத்துடுவாங்க. ஆபரேஷன்ல அக்குள்ல இருக்கிற நெறிகட்டியைத் தேட நீலச் சாயம் ஊசி போட்டிருந்தா மறுநாள் சிறுநீர் பச்சையா போகும், பயப்படாதீங்க.

இன்ஷூரன்ஸ் இருக்கான்னு எழுதல. இருந்தா, ரீகன்ஸ்ட்ரக்ஷனும் சேர்த்து முன் அனுமதிக் கடிதத்துல எழுதி வாங்குங்க. இது அழகுக்குப் பண்றது, தர மாட்டோம்னு யாராவது சொன்னா விடாதீங்க. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான ஐஆர்டிஏஐ வகுத்த பொது வாசகத்துலயே, அழகு அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடையாதுங்கிற இடத்துல, புற்றுநோய்க்கு அப்புறம் பண்ற ரீகன்ஸ்ட்ரக்ஷனுக்கு விலக்குக் குடுத்திருக்காங்க.

இன்னொண்ணு, அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வையுங்க. புது மார்புல பழைய மாதிரி உணர்ச்சி இருக்காது, மரத்துத்தான் இருக்கும். வலிக்குதுன்னு வெந்நீர்ப் பையை அது மேல வெச்சா சூடு தெரியாம தோல் வெந்துடும். அங்க ஒத்தடமே வேண்டாம். தோல் நிறம் கறுத்தாலோ, நீலம் பாய்ஞ்சாலோ, காய்ச்சல் வந்தாலோ, திடீர்னு வீங்கினாலோ ராத்திரியா இருந்தாலும் போன் பண்ணணும். எந்த நம்பருக்குப் பண்ணணும்னு டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே சிஸ்டர்கிட்ட கேட்டு வாங்கி, அம்மா போன்லயும் உங்க போன்லயும் போட்டு வெச்சிடுங்க. அம்மாவை நான் விசாரிச்சதா சொல்லுங்க.

சரி, அடுத்த கேள்வி செம்பூர்லேர்ந்து.