ஓடிப்போனவர் கையில் ஓடிபி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம். ஏழு நிமிஷம்தான் கொடுத்திருக்காங்க, இதோட வணக்கத்தை முடிச்சுக்கிறேன்.

தனியாப் பிள்ளை வளர்க்கிற தாய்க்குப் பெரிய தடை ஊர் வாயா, அரசு விதியான்னு தலைப்பு. விதிதான்னு எங்க அணி. எனக்கு முன்னால பேசின எதிரணித் தோழி ஒரு குத்து குத்திட்டுப் போனாங்க: "இந்த அணி பேசுறது ஜெராக்ஸ் கடை வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு. மனசுல விழுந்த காயத்துக்கு நகல் எடுக்க முடியுமா?" கைதட்டல் நல்லாவே வாங்கினீங்கம்மா. வாங்க, அந்தக் கடை வாசலுக்கே போவோம்.

ஒரு பொண்ணு, வயசு 24. இடுப்புல 2 வயசுக் குழந்தை. புருஷன் போயிட்டார். எங்கேன்னு தெரியாது. அவ அம்மா வீட்டுக்கு வந்துட்டா. அம்மா ரேஷன் கார்டுல பேர் சேர்க்கப் போறா. அவ ஆதார் ஏற்கெனவே புருஷன் வீட்டுக் கார்டுல இருக்கு. அங்கே நீக்கினாத்தான் இங்கே ஏறும். சரி, நீக்குவோம்னா, இணையத்துல உள்ளே போக ஓடிபி வேணும். அது கார்டுல பதிஞ்ச நம்பருக்குத்தான் வரும். அந்த நம்பர் யாருது? ஓடிப்போனவரோடது! ஓடிப்போனவர் கையிலதாங்க ஓடிபி!

சிரிச்சு முடிச்சிடாதீங்க, இன்னும் இருக்கு. இப்ப அவ அவருக்குப் போன் போடணும். எடுக்கலைன்னா ஓடிபி இல்லை. எடுத்துட்டாருன்னு வைங்க, "அதான் பேச்சுவார்த்தை இருக்கே, அப்புறம் எப்படிம்மா கைவிடப்பட்டவ?"ன்னு கேப்பாங்க! வட்ட வழங்கல் அலுவலகத்துல மனு கொடுக்கப் போனா, "புருஷன் சம்மதக் கடிதம் எங்கே?" அந்தப் புருஷனைத்தானே சார் தேடிக்கிட்டு இருக்கோம்! 2023 செப்டம்பர் 15-ல மகளிர் உரிமைத் தொகை வந்துச்சு, ஒரு கார்டுக்கு ஒருத்தருக்கு மாசம் 1000 ரூபாய். இவ பேர் இருக்கிற கார்டுல குடும்பத் தலைவி யாரு? மாமியார்!

கைவிடப்பட்ட பெண்களுக்கு ஓய்வூதியம் இருக்கே? இருக்கு. 2023-ல 1200 ரூபாய் ஆக்கினாங்க. ஆனா வயசு 30 ஆகணும். விவாகரத்துத் தீர்ப்போ, சட்டப்படி பிரிஞ்ச சான்றோ இல்லைன்னா, அவர் விட்டுப்போய் 5 வருஷமும் ஆகணும். பால் பவுடருக்குப் பணம் கேட்டவளுக்கு, பிள்ளை மூணாம் வகுப்புப் போறப்ப பதில் வருது.

கைவிடப்பட்டவன்னு வாங்குற சான்றிதழ் கதையைக் கேளுங்க. இ-சேவை மையத்துல 60 ரூபாய் கட்டினா மனு வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார்னு போகும். விசாரிக்க வர்றவங்க பக்கத்து வீட்டுல கேப்பாங்க. அந்த வீட்டுக்காரர், "பொங்கலுக்கு அவன் வந்த மாதிரி இருந்துச்சே..."ன்னு இழுத்தார்னா மனு போச்சு. தோழி, நீங்க சொன்ன ஊர் வாய் இதுதானே? திண்ணையில பேசினா வம்பு. அதே பேச்சு விசாரணை அறிக்கையில ஏறினா ஆதாரம். அந்த வாய்க்குப் பல்லு கட்டிவிட்டது யாரு? விதி!

ஜீவனாம்சமும் அப்படித்தான். இடைக்கால மனுவை முடிஞ்சவரை 60 நாளுக்குள்ள முடிக்கணும்னு சட்டம் சொல்லுது. ஆனா அந்த 60 நாள், நோட்டீஸ் அவர் கைக்குப் போன நாள்ல இருந்துதான் ஓடும். விலாசமே இல்லாத ஆளுக்கு எந்த நாள்ல இருந்து எண்றது? உத்தரவு வந்தப்புறமும் பாக்கி விழுந்தா ஒரு வருஷத்துக்குள்ள வசூல் மனு போட்டாகணும். இது தெரியாம விட்டவங்க நிறைய.

ஊர் திருந்தினாத்தான் வழி பிறக்கும்னீங்க. 2015-ல உச்ச நீதிமன்றம், கல்யாணமாகாத தாய் தகப்பன் பேரைச் சொல்லாமலே பிள்ளைக்குப் பாதுகாவலர் ஆகலாம்னு சொல்லிடுச்சு. 2016 டிசம்பர்ல பாஸ்போர்ட்டுக்கு ஒரே ஒரு பெற்றோர் பேர் போதும்னாங்க. 2018 டிசம்பர் 5 முதல் பான் கார்டுலயும் தனித்தாய்னா அப்பா பேர் கட்டாயமில்லை. இதுக்காக ஊர் வாயை யாரும் தைக்கலை. படிவத்துல ஒரு கட்டத்தை மாத்தினாங்க, அவ்வளவுதான்.

நடுவர் அவர்களே, கணக்கு போதும். அவ அலுவலகம் போற ஒவ்வொரு நாளும் அன்னைக்குக் கூலி கிடையாது. பிள்ளையை விட ஆளில்லாம கூடவே கூட்டிட்டுப் போறா. அந்தப் பிள்ளைக்கு அப்பா முகமே மறந்துபோச்சுங்க. ஆனா போற இடமெல்லாம் படிவத்துல அப்பா பேர் கேக்குறாங்க. அவ எழுதுறா, கையெழுத்துப் போடுறா, கண்ணைத் துடைச்சுக்கிறா, மறுபடியும் வரிசையில போய் நிக்கிறா.

தோழி, அவகிட்டயே போய் ஊர் என்னம்மா பேசுதுன்னு கேட்டுப் பாருங்க. "அதைக் கேக்க எனக்கு எங்கேக்கா நேரம்? நாளைக்குத் தாலுகா ஆபீஸ் வரச் சொல்லியிருக்காங்க"ம்பா.

நன்றி, வணக்கம்.